வீதி திறந்தது, கணக்கு முடிந்ததா?

யுத்தம் முடிந்ததால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த இலாபத்தை நான் மறைக்க மாட்டேன். வாப்பா கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விற்பவர். 2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டதோடு அவருடைய யாழ்ப்பாண வியாபாரம் நின்றுபோனதாம். 2009இல் யுத்தம் முடிந்தபோது நான் கைக்குழந்தை. இன்று மாத்தளையில் மாலையில் லொறி ஏற்றினால் விடியும்போது சரக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும். திரும்பி வரும்போது வெங்காயமும் பனங்கட்டியும் வரும். என் டியூஷன் காசும் அந்த வீதியால் வந்ததுதான். பெருநாளைக்கு யாழ்ப்பாணத்து முதலாளி ஒருவர் வாப்பாவுக்குக் கோல் எடுத்து வாழ்த்துவார். இதுவும் இலாபமே. அல்ஹம்துலில்லாஹ்.

அரசியலிலும் நன்மை வராமலில்லை. 2013 செப்டெம்பரில் வட மாகாண மக்கள் தமது மாகாண சபையைத் தெரிவு செய்தார்கள். ஆனால் 2018இல் அதன் காலம் முடிந்த பின்னர் தேர்தல் வைக்காமலே வருடங்கள் கடந்தன.

"சமாதானம் வந்துவிட்டதே, இனி ஏன் பழைய கதை?" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்களிடம் பணிவாகச் சொல்கிறேன், அதே வீதியைக் கொஞ்சம் பாருங்கள்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி புலிகள் கட்டளையிட்டார்கள். வீதி திறந்த பின்னும் அவர்களில் பலர் புத்தளத்திலேயே இருக்கிறார்கள். நம் மாவட்டத்துத் தம்புள்ளையில், யுத்தம் முடிந்து மூன்று வருடமாகும் தறுவாயில், 2012 ஏப்ரல் 20 வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் பள்ளிவாசலுக்குள் புகுந்தது. அன்று அங்கே ஜும்ஆ நடக்கவில்லை. கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளை எங்கே என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைக்காமலே சிலர் கண்மூடிவிட்டார்கள். எங்கள் லொறி அந்த இடத்தைக் கடந்துதான் போகிறது.

தம்புள்ளை நடந்தபோது மற்றச் சமூகத்தவர் நமக்காகப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தோம். அப்படியானால் கிளிநொச்சித் தாய்மாருக்காக நாம் பேசினோமா? கூட்டு வியாபாரத்தில் முதல் போட்டவர் எவரும் இலாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நட்டத்திலிருந்து விலகிவிட முடியாது என்று இஸ்லாம் பாடத்தில் படிக்கிறோம். இந்த நாடும் எல்லோரும் முதல் போட்ட கூட்டு வியாபாரம்தான்.

என்னுடைய வேண்டுகோள் சிறியது. அடுத்த கல்விச் சுற்றுலா யாழ்ப்பாணத்துக்கு என்றால், நல்லூரையும் நூலகத்தையும் போட்டோ பிடிப்பதோடு நின்றுவிடாமல், கிளிநொச்சியில் ஒரு அரை மணி நேரம் பஸ்ஸை நிறுத்தும்படி ஆசிரியைகளைக் கேட்போம். அந்தத் தாய்மாரில் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து, அவர் சொல்வதைக் கேட்போம். அவரும் நாமும் பேசுவது ஒரே தமிழ்தானே. பெற்றோரே, அதற்கு நீங்கள் அனுமதி தர வேண்டும். இன்ஷா அல்லாஹ், கேட்டு வந்ததை அடுத்த இதழில் எழுதுகிறேன்.