நீலகிரி மந்தும் நம் தறியும்

கோடைக்காலம் நெருங்கியதும் நம் வட்டாரத்துச் சங்கங்களில் உதகை யாத்திரைப் பேச்சு எழுவது வழக்கம். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அம்பத்தூர், ஆவடி வழியாகவே செல்கிறது. ஏரி, பூங்கா, தொட்டபெட்டா என்று சுற்றித் திரும்புவதை நாம் குறை கூறவில்லை. ஆயினும், நெசவாளரும் குடியானவரும் சேர்ந்த ஒரு சங்கம் அம்மலைக்குச் சென்று, தோடர் மந்து ஒன்றையேனும் காணாது திரும்புமாயின், தன் தொழிலுக்கு உரியதைக் காணாது திரும்பியதாகவே கருதுகிறோம்.

மந்து என்பது தோடரின் சிற்றூர். சில வீடுகளே கொண்டது. மூங்கிலும் பிரம்பும் வளைத்துப் புல் வேய்ந்த பழைய வீட்டின் வாயிலில் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். இப்போது அத்தகைய வீடுகள் அருகிவிட்டன. பெரும்பாலோர் செங்கல் வீடுகளில் வாழ்கின்றனர். மேய்ச்சல் நிலம் பலவற்றைக் கற்பூர மரமும் சீகை மரமும் கவர்ந்துகொண்டமையால் எருமைக் கூட்டமும் குறைந்துபோயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தோடர் ஏறத்தாழ 2,000 பேரே.

நெசவாளர் கண்கொண்டு காணவேண்டியது அவர்தம் பூத்துக்குளி என்னும் போர்வையை. வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூல்கொண்டு பெண்கள் பூவேலை செய்கின்றனர். வரைந்த மாதிரி இல்லை; அளவுகோல் இல்லை. பாவிழையையும் ஊடையிழையையும் விரலால் எண்ணி எண்ணியே ஊசி செல்கிறது. இதில் நமக்கு ஒரு செய்தி உண்டு. தோடர் நெய்வதில்லை, துணி சமவெளியிலிருந்து செல்கிறது. இழை சீராக இராவிடில் கோலம் கோணிவிடும். மிக நெருங்கி நெய்த மெல்லிய துணியில் இழையை எண்ணவே இயலாது. ஆகவே, அப்பெண்ணின் கைவேலைக்கு அடித்தளம் தறிக்காரரின் கைவேலையே.

2013-ஆம் ஆண்டில் இப்பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நன்று. ஆயினும் அதே கோலத்தை இயந்திரத்தில் தைத்தும் அச்சிட்டும் விற்போர் இருக்கின்றனர், வாங்குவோரும் இருக்கின்றனர். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-ஆம் ஆண்டில் சட்டம் வந்தபின்னும் விசைத்தறிச் சேலை கைத்தறிப் பெயரில் விலைபோவதை அறிந்த நமக்கு இது புதிதன்று. போலியை நாம் பழிக்கிறோம். உதகைக் கடைத்தெருவில் மலிவென்று அதனையே வாங்கி வருவோமாயின், நம் சேலைக்கு நியாயம் கேட்க எந்த முகத்துடன் செல்வோம்?

தனித்தனியே விற்கும் பெண்ணுக்கு விலைபேசும் வலிமை இராது. சங்கம் காணுமுன் நம் பாட்டனாருக்கும் இராதது போலவே. யாத்திரைச் செலவில் ஒரு பகுதியை அவர்களிடமே நேராகக் கொள்முதல் செய்ய ஒதுக்குவது தருமம் அன்று, வாணிகம். அனுமதி பெற்றே மந்துக்குள் செல்லவேண்டும். அவர்தம் கோயிலருகே நெருங்கலாகாது. கேளாமல் புகைப்படம் எடுப்பதும் வேண்டாம்; நம் தறிக்கூடத்தில் முன்பின் அறியாதவர் அவ்வாறு செய்யின் பொறுப்போமா?

இவ்வாண்டு செல்லும் குழுவினர் சங்கத்துத் துணியில் இரண்டு மூன்று மாதிரிகளை உடன் எடுத்துச் செல்லட்டும். அங்குலத்துக்கு எத்தனை இழை வேண்டும், அகலம் எவ்வளவு, எந்த எண் நூல் என்பதை அப்பெண்களிடமே கேட்டு எழுதி வந்து, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்கட்டும்.