படம் முதலில், நூல் பிறகு

அருட்தந்தை கே.எம். மேத்யூ (1930–2004) கேரளத்தில் பிறந்தவர், இயேசு சபைத் துறவி. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவி வளர்த்தவர். செடிகளின் அறிவியல் பெயருக்குப் பின்னால் வரும் ஆசிரியர் சுருக்கங்களில் அவர் பெயரும் ஒன்று. வகைப்பாட்டியல் படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், மறையூரிலும் வட்டவடையிலும் கொழிஞ்சாம்பாறையிலும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியர்களிடம் அவரைப் பற்றிய பேச்சு அதிகம் இல்லை. பழனி மலையை முப்பது ஆண்டு விடாமல் படித்த ஒருவர், அந்த மலையின் மேற்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்குத் தெரியாமல் போகக் கூடாது.

அவருக்கு முன் நம் கையில் இருந்தது கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த மதராஸ் மாகாணத் தாவர நூல். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. இன்றும் அது இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை பரந்த ஒரு மாகாணத்தின் செடிகள் அத்தனையும் அதில் உண்டு, படம் ஒன்றுகூடக் கிடையாது. கொல்லிமலையில் பறித்த ஒரு கிளையோடு முதலாண்டு மாணவி அதைத் திறந்தால், இரண்டாவது திறவுகோலிலேயே வழி தவறிவிடுவாள். செடியைத் தெரிந்தவர்களுக்கு உதவும் நூல் அது. தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு வேறொன்று தேவைப்பட்டது.

மேத்யூ அதைச் செய்த வரிசையைக் கவனியுங்கள். தமிழ்நாட்டின் கர்நாடிக் (Carnatic) பகுதிக்காக 1981இல் அவர் முதலில் வெளியிட்டது மூலச் சான்றுகளின் தொகுப்பு. 1982இல் படங்கள். செடிகளை விவரிக்கும் நூல் 1983இல்தான் வெளிவரத் தொடங்கியது. பழனி மலைக்கும் இதே முறைதான்: 1996இல் படங்கள், 1999இல் மூன்று பகுதிகளாக நூல். அச்சக வசதியும் நிதியும் இதற்கு ஓரளவு காரணமாக இருந்திருக்கலாம். இருந்தாலும் இந்த வரிசையில் ஒரு நல்ல ஆசிரியரின் பாடமுறை இருப்பதாகவே நாம் வாசிக்கிறோம். செடி கண்ணுக்குப் பழகிய பிறகு வரும் பெயர் மனத்தில் நிற்கும். நம் வகுப்புகளிலோ குடும்பப் பெயரும் பூச்சூத்திரமும் முதலில் வருகின்றன, செடி கடைசியில் வருகிறது, சில ஆண்டுகளில் வராமலே போகிறது.

இவற்றுக்கு நடுவே 1991இல் வந்த ஒரு நூலை நாம் தனியாக மதிக்கிறோம். மத்தியத் தமிழ்நாட்டுக்கான களப்பயணத் தாவர நூல் அது. பெரிய தொகுதிகளை முடித்த ஓர் ஆய்வாளருக்கு மேலும் பெரிய ஒன்றை எழுதவே ஆசை வரும். அவர் சுருக்கினார், மாணவர்கள் மலைக்குத் தூக்கிப் போகும்படி ஒரே நூலாக்கினார். சகஆய்வாளர்களிடையே இத்தகைய வேலைக்குப் பெரிய புகழ் கிடைப்பதில்லை. கற்பித்தலை நேசிப்பவர்தான் அதில் உட்காருவார்.

அவருடைய இறைநம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது அறிவியலும் சமயமும் மோதுமா என்ற பழைய விவாதத்துக்குள் நாம் போகவில்லை. வேலையில் தெரிவதை மட்டும் சொல்கிறோம். கொடைக்கானலின் அயல்தாவரங்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1969இல் வந்தது. அதே மலையின் முழு நூல் வந்தது 1999இல். தன் ஆயுளுக்குள் முடியுமா என்று தெரியாத வேலையைத் தொடங்க ஒரு மனம் வேண்டும். முன்னால் போனவர்கள் விட்டுச்சென்றதை மதிக்கும் குணமும் வேண்டும். செண்பகனூரில் அருட்தந்தை ஆங்கிலேட் பழனி மலைச் செடிகளை வரைந்து வைத்திருந்தார். காப்பகத்துக்குப் பெயர் தந்த ராபினாட்டும் செடி சேகரித்த பிரெஞ்சுக் குருதான். தமிழ்–ஆங்கில அகராதிக்காக நாம் அறிந்த ராட்லர் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் செடி பார்த்தபடி போய் வந்தது 1799–1800இல். அந்தக் குறிப்புகளை மொழிபெயர்த்து, வரைபடமும் விளக்கமும் சேர்த்து, 1993இல் லின்னியன் சங்க இதழில் வெளியிட்டவர் மேத்யூ. லூத்தரன் போதகர் ஒருவரின் களப்பயணத்தை இருநூறு ஆண்டு கழித்துக் கத்தோலிக்கத் துறவி ஒருவர் அக்கறையோடு பின்தொடர்ந்தார். நமக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

1969 ஆய்வின் பொருளை இந்த எல்லைப் பகுதியில் விளக்க வேண்டியதில்லை. சீகை, யூகலிப்டஸ், பைன் ஆகியவை சோலைகளுக்கு இடையே இருந்த புல்வெளியை எப்படி விழுங்கின என்பதை மூணாற்றிலும் வட்டவடையிலும் அன்றாடம் பார்க்கிறோம். கொடைக்கானலுக்கு அயல்மரங்கள் கொண்டுவந்தவர்களில் ஆங்கிலேய அதிகாரிகளும் உண்டு, மிஷனரிகளும் உண்டு. அவற்றைப் பொறுமையாகக் கணக்கெடுத்தவரும் ஒரு குரு என்பதை நன்றியோடு பதிவு செய்கிறோம்.

இனி நம் வகுப்பறை. தேர்வுக்கு முந்தைய வாரம் யாரோ ஒட்டிக் கொடுத்த ஹெர்பேரியம் ஷீட்டுகளை மாணவர்கள் விலைக்கு வாங்கி வருகிறார்கள், நாமும் கையெழுத்துப் போடுகிறோம். இது நிற்க வேண்டும். செடியை மாணவர்களே பறித்து உலர்த்தி ஒட்ட வேண்டும். டி.என்.ஏ. வரிசை பார்க்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எந்தச் செடியிலிருந்து அந்த வரிசை எடுக்கப்பட்டது என்று பிறகு சந்தேகம் வந்தால், திறந்து பார்க்க ஒரு ஹெர்பேரியம் ஷீட் இருக்க வேண்டும். இல்லையென்றால் வரிசைக்கு மதிப்பில்லை.

கிளாவரையில் முடிகிற தமிழ்நாட்டுக்கும் கோவிலூரில் தொடங்கும் கேரளத்துக்கும் நடுவே செடிகளுக்கு எல்லைக்கோடு கிடையாது. பாம்பாடும்சோலையும் குறிஞ்சிமலைச் சரணாலயமும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. பள்ளி வேலி, சாலையோரம், தோட்ட வரப்பு போதும். ஒரு வகுப்பு ஓராண்டில் பத்துச் செடிகளை ஒழுங்காக உலர்த்திக் குறிப்பெழுதினால் மகிழ்ச்சி. மலையில் ஈரம் அதிகம் என்பதால் பிரஸ்ஸில் வைத்த செய்தித்தாளைத் தினமும் மாற்றச் சொல்லுங்கள். காய்ந்ததும் பூவின் நிறம் போய்விடும், ஆகவே நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுத வேண்டும். தேதி, ஊர், உயரம், செடியின் வளர்ச்சி, முதுவர்களோ தோட்டத் தொழிலாளர்களோ சொல்லும் பெயர், அதைச் சொன்னவர் யார் என்பதும் வேண்டும். அடுத்த இதழிலிருந்து இந்தக் குறிப்புகளை மாணவர் பெயரோடு வெளியிட நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். தமிழிலோ மலையாளத்திலோ அனுப்பலாம். அறிவியல் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெற்றாக விட்டு அனுப்புங்கள்.