ஓடுபாதை இருக்கட்டும், முதலில் ஒரு பஸ் விடுங்கள்

வேலூருக்கு விமான நிலையம் வரப்போகிறது என்ற செய்தியை எங்கள் பக்கத்தில் வருடக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறோம். தேர்தல் நெருங்கினால் அதே செய்தி கொஞ்சம் பெரிய எழுத்தில் வரும். மேல்விஷாரம் டீக்கடையில் அதைப் படித்துவிட்டு யாராவது ஒருத்தர், "இனிமே துபாய்க்கு இங்கேருந்தே ஏறிக்கலாம் பாய்" என்பார். ஏற முடியாது. அப்துல்லாபுரத்தில் நாளைக்கே விமானம் பறக்க ஆரம்பித்தாலும் ஏற முடியாது. இதைச் சொன்னால் ஊர் வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள். பரவாயில்லை, கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு எதிரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அப்துல்லாபுரத்தில் இருப்பது பிரிட்டிஷ் காலத்துத் திடல். உடான் திட்டத்தில் சேர்த்து அதைப் புதுப்பித்தார்கள். ஓடுபாதை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். இங்கே இறங்கக்கூடியது இருபது பேருக்குள் உட்காரும் சின்ன விமானம்தான். அது சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்.

சரி, மேல்விஷாரத்துக்காரர் அதில் எப்படித் துபாய் போவார்? முதலில் மேற்கே, வேலூரையும் தாண்டி, அப்துல்லாபுரம் போகணும். ஒரு மணி நேரம் முன்னாடியே போய் உட்காரணும். பிறகு விமானம் அவரைத் தூக்கிக்கொண்டு, அவர் புறப்பட்ட ஊரைத் தாண்டிக் கிழக்கே பறந்து, மீனம்பாக்கத்தில் இறக்கும். அங்கே பெட்டியை எடுத்துக்கொண்டு சர்வதேச முனையத்துக்குப் போய் மறுபடி வரிசையில் நிற்கணும். வளைகுடா விமானங்களில் பெரும்பாலும் 30 கிலோ கொண்டுபோகலாம். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோ. மீதிப் பதினைந்து கிலோவை யார் தலையில் ஏற்றுவது? இத்தனை கூத்தும் எதற்கு? சாலையில் ஏறக்குறைய 115 கிலோமீட்டர் போகிற வேலையை மிச்சம் பிடிக்க.

உடான் 2016இல் வந்த திட்டம். அதைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல், மூன்று வருடச் சலுகைக் காலத்தை முழுசாக ஓட்டியவை 112. அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்து 2023 மார்ச்சில் பறந்துகொண்டிருந்தவை 54. நூற்றுக்கு ஏழு. நம்ம பக்கத்து உதாரணம் சேலம். 2018இல் சென்னைக்கு விமானம் விட்டார்கள், 2021இல் நின்றது, 2023 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. சேலத்தின் ஓடுபாதை அப்துல்லாபுரத்தைப்போல இரண்டு மடங்கு நீளம். அதற்கே இந்தக் கதி. நூறு தடவையில் தொண்ணூற்று மூன்று தடவை கவிழ்ந்துவிடும் ஒரு சர்வரை நம்பி என் தொழிலில் யாரும் ஒரு கடையின் பில் மிஷினைக்கூட ஓட்டமாட்டார்கள்.

"சி.எம்.சி.க்கு வருகிற நோயாளிகள் இருக்கிறார்களே, வி.ஐ.டி. மாணவர்கள் இருக்கிறார்களே, தோல் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்களே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களுக்குத் தேவை கொல்கத்தாவிலிருந்து நேர் விமானம். அது இந்த ஓடுபாதையில் இறங்காது. டாக்காவிலிருந்து வருகிற நோயாளி சென்னையில் இறங்கி, சக்கர நாற்காலியோடு வெளியே வந்து, வேலூருக்கு எப்படிப் போவது என்று விசாரித்துக்கொண்டு நிற்கிறார். தோல் வாங்க வருகிறவரைக் கூட்டிப்போகக் கம்பெனி கார் வந்துவிடும். நோயாளிக்கு யார் வருவார்?

ஆக, எங்கள் விமான நிலையம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அது மீனம்பாக்கத்தில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் புது முனையமும் திறந்தாச்சு. இல்லாதது அங்கே போகும் வழி.

இருப்பதை வைத்து எப்படிப் போவது? பகல் விமானம், ஒரே பெட்டி என்றால் வாலாஜா ரோட்டிலோ காட்பாடியிலோ ரயில் ஏறுங்கள். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவின் நீல வழித்தடத்தைப் பிடித்தால் நேரே விமான நிலையம். ஸ்டேஷனிலிருந்து முனையத்துக்கு மேல்நடைபாதை உண்டு. பஸ்ஸில் கோயம்பேடு போனால் பச்சை வழித்தடத்தில் ஏறி ஆலந்தூரில் மாற வேண்டியிருக்கும். இந்த யோசனை எல்லாம் என்னைப்போல லேப்டாப் பையோடு போகிறவனுக்கு. வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்பும், வந்தும் சேரும். இரவு பதினொன்றுக்கு மெட்ரோ படுத்துவிட்டால் விடிகாலை ஐந்துக்குத்தான் எழுந்திருக்கும்.

அதனால் கார். போக வர 230 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வைத்தாலே 3,220. டோலும் டிரைவர் படியும் தனி. சாலையோ சொல்லவே வேண்டாம். மதுரவாயல் - வாலாஜா நெடுஞ்சாலை இருந்த லட்சணத்தைப் பார்த்து, 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே டோலில் பாதிதான் வாங்கணும் என்று உத்தரவு போட்டது. இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பது சராசரி. சராசரியை நம்பி யாரும் விமானத்துக்குக் கிளம்புவதில்லை. மோசமான நாளை மனசில் வைத்து, ஆறேழு மணி நேரம் முன்னாடியே கிளம்புகிறோம். முதல்முறை வேலைக்குப் போகிற பையன் வீட்டில் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் கடன் வாங்கி முடித்த கையோடு, காருக்கும் தனியாகக் கைமாற்று வாங்குகிறார்கள்.

மைசூரைப் பாருங்கள். அங்கே மண்டகள்ளியில் சொந்தமாக ஒரு விமான நிலையமே இருக்கிறது. இருந்தும் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் 2013 முதல் மைசூரிலிருந்து தேவனஹள்ளிக்கு ஃப்ளைபஸ் விடுகிறது. 170 கிலோமீட்டருக்கு மேல். பெட்டி வைக்க இடம், முன்பதிவு, முனையத்து வாசலிலேயே ஏற்றம் இறக்கம். எங்களைவிடத் தூரமான ஊருக்கு இது முடிகிறது.

இப்போது பரந்தூரைக் காட்டுகிறார்கள். 2022 ஆகஸ்டில் அறிவித்தபோது, "நமக்குப் பாதித் தூரம்தான்" என்று இங்கே சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. அந்தப் பாதித் தூரத்துக்காக ஏகனாபுரத்துக்காரர்கள் ஏரியையும் வயலையும் கொடுக்கணும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. அதை விட்டாலும், பஸ் இல்லையென்றால் அறுபது கிலோமீட்டரும் கார் வாடகைதான்.

கேட்டால் கிடைக்காது என்பதும் பொய். கோவிட் காலத்தில் ஹஜ் புறப்பாட்டுப் பட்டியலிலிருந்து சென்னையை எடுத்தார்கள். 2022இல் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கொச்சி போய் ஏறினார்கள். கட்சி பார்க்காமல் எல்லாரும் குரல் கொடுத்தோம். 2023இல் சென்னை திரும்பக் கிடைத்தது.

அந்தக் குரலை இதற்கும் கொடுக்கலாம். ஆம்பூரில் கிளம்பி வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாக மீனம்பாக்கம். ராத்திரிக்குள் நான்கு நடை போக, நான்கு நடை வர. அடியில் பெட்டி வைக்க இடம். முனையத்துக்கு வெளியே, வந்து இறங்குகிறவர் கண்ணில் படுகிற மாதிரி "வேலூர்" என்று எழுதிய ஒரு பலகை. நிலம் எடுக்க வேண்டாம், டெல்லியிலிருந்து லைசென்ஸ் வரக் காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை ஓட்டு கேட்டு வருகிறவர் ஓடுபாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ராத்திரி ஒரு மணிக்கு மேல்விஷாரம் மெயின் ரோட்டில் எந்த பஸ் நிற்கும் என்று கேளுங்கள்.