கொழுக்கட்டை: கடையிலா, வீட்டிலா?

பிள்ளையார் சதுர்த்திக்குத் தாம்பரம் கடைத்தெருவில் கொழுக்கட்டை வாங்குவோரில், படப்பை, மணிமங்கலம் பக்கத்து நெல் விவசாயிகளும் உண்டு. கணக்குப் பார்ப்போம்.

2025-26இல் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டால் ரூ.2,369. அரைத்தால் அரிசி சுமார் 67 கிலோ. ஆக, கிலோ அரிசிக்கு நமக்குக் கிடைப்பது 35 ரூபாய்.

ஒரு கிலோ மாவில் ஏறக்குறைய 50 கொழுக்கட்டை பிடிக்கலாம். தேங்காய், வெல்லம், எரிபொருளுக்கு 200 ரூபாய் சேர்த்தாலும் அடக்கம் 235தான். கடையில் ஒன்று 10 ரூபாய் என்று வைத்தால் 500 ஆகிறது. மீதி 265 ரூபாய் கைவேலைக்கான கூலியும் கடைக்காரர் லாபமும்.

வீட்டுப் பெண்களின் உழைப்பை இனாமாக எண்ண வேண்டாம். நாலு வீட்டார் சேர்ந்து அவித்து, பூரணம் ஊசிப்போகுமுன் அன்றே விற்றால், அந்தப் பணம் நம் ஊரிலேயே தங்கும்.