கருவியை வாங்கலாம், அறிவை வாங்க முடியுமா?

“சந்தையிலே விலைக்குக் கிடைக்கும் பொருளுக்காக அரசாங்கம் ஆய்வுக்கூடம் நடத்துவானேன்?” என்று கேட்கின்றனர் சில கனவான்கள். மின்னாக்கி வேண்டுமா? டெண்டர் விடு. சூரியத் தகடு வேண்டுமா? கப்பலில் வரவழை. ஆராய்ச்சியென்று மக்கள் வரிப்பணத்தைக் கரைக்காதே. இதுவே அவர்கள் நமக்கு ஓதும் உபதேசம். கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால், இந்த உபதேசத்தைக் கேட்டு நடந்த நாடுகள் என்ன கண்டன என்பதைத் தோழர்கள் அறிய வேண்டாமா?

மின்சாரம் மற்றச் சரக்குகளைப் போன்றதன்று. நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். துணியைக் கிடங்கில் அடுக்கி வைக்கலாம். மின்சாரத்தையோ பெரும்பாலும் பிறந்த கணத்திலேயே செலவிட்டாக வேண்டும். நொடிக்கு 50 சுற்று என்னும் தாளம் பிசகாமல் நாட்டின் மின்நிலையங்கள் அனைத்தும் ஒன்றாய் இயங்கியாக வேண்டும். ஓரிடத்தில் நேரும் பிசகு, நூற்றுக்கணக்கான மைலுக்கப்பால் விளக்கை அணைக்கும். எனவே, இந்தத் தொகுப்பு முழுவதையும் பற்றிய அறிவு யாரேனும் ஒருவரிடம் இருந்தாக வேண்டும். கருவி விற்பவனுக்கு அவன் கருவி தெரியும், தொகுப்பு தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவனுக்கில்லை.

1965 நவம்பர் 9. கனடாவில் நயாகரா ஆற்றங்கரை மின்நிலையம் ஒன்றில், சிறிய காப்பு ரிலே ஒன்று, பழுதே இல்லாத கம்பியைப் பாரம் மிகுந்ததென்று துண்டித்தது. அடுத்த சில நிமிடங்களில் நியூயார்க் நகரம் உட்பட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி இருளில் மூழ்கியது. சுமார் 3 கோடி மக்கள் தவித்தனர். தனியார் கம்பெனிகள் கொழித்த நாடு அது! அந்தக் கம்பெனிகள் தாமாகவே கூடி ஆராய்ச்சியில் இறங்கினவா? இல்லை. மின்சார ஆராய்ச்சிக்கென வரி விதித்து அரசே அமைப்பு ஒன்றைத் தொடங்கும் என்ற பேச்சு அமெரிக்கப் பாராளுமன்றத்தில் எழுந்த பின்னரே, 1972இல் மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்றைக் கூட்டாக நிறுவினர். பிரம்பு தெரிந்த பிறகே பாடம் படித்த பிள்ளைகள் அவர்கள்!

இங்கிலாந்தின் கதையைக் கேளுங்கள். 1958 முதல் அங்கே மின் உற்பத்தியையும் பெருங்கம்பித் தொடரையும் நடத்திய பொதுத்துறை மின்சார வாரியத்துக்கு லெதர்ஹெட், பெர்க்லி, மார்ச்வுட் ஆகிய மூன்று ஊர்களில் பெரும் ஆய்வுக்கூடங்கள் இருந்தன. 1990இல் வாரியத்தைக் கூறுபோட்டுத் தனியாருக்கு விற்றனர். அந்தக் கூறுபோடலை ஒட்டி லெதர்ஹெட் ஆய்வுக்கூடமும் மார்ச்வுட் ஆய்வுக்கூடமும் மூடப்பட்டன. காரணம் விளங்காததன்று. பத்தாண்டு கழித்துப் பலன் தரும் ஆராய்ச்சி, இவ்வாண்டு இலாபக் கணக்கில் வெறும் செலவாகத்தானே தெரியும்? அதன் பலன் போட்டியாளனுக்கும் போகுமென்றால், எந்த முதலாளி பணம் போடுவான்?

நம் நாட்டுக்கு வருவோம். 2012 ஜூலை 30, நள்ளிரவு கடந்து 2.33 மணி. பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் கம்பியில் பாரம் மிகுந்தது. கம்பியில் பழுதில்லை, எனினும் பழுதென்று மயங்கிய காப்பு ரிலே அதைத் துண்டித்தது. வட இந்தியா இருண்டது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து வீழ்ந்தன. பாதிக்கப்பட்டோர் சுமார் 60 கோடி! நயாகராவில் 1965இல் கண்ட அதே நோய், 47 ஆண்டுகளுக்குப் பிறகு நம் வீட்டில்!

நோய்க்கு மருந்து இல்லாமலா போயிற்று? தொலைதூரத் துணைமின் நிலையங்களின் நிலையைச் செயற்கைக்கோள் கடிகாரத்தின் துணைகொண்டு ஒரே கணத்தில் அளந்து காட்டும் கருவியை 1988இல் உருவாக்கியவர்களுள் ஒருவர் அருண் பாட்கே. பிறந்த ஊர் எது? குவாலியர்! படித்தது எங்கே? கரக்பூர் ஐ.ஐ.டி.யில்! கருவியை உருவாக்கியதோ அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஒன்றில். குவாலியர் பெற்றெடுத்த அறிஞரின் கருவியைச் சோதனைக்கென்று சில இடங்களில் மட்டும் வைத்திருந்தோம். குவாலியர் கம்பி அறுந்து நாடே இருண்ட பின்னரே நாடு முழுவதற்குமான திட்டம் செயலுக்கு வந்தது. அறிவுக்குப் பஞ்சமில்லை இங்கே. அறிவுக்கு ஒரு கூரை அமைத்துக் கொடுக்கத்தான் ஆளவந்தாருக்கு மனமில்லை.

அமைத்த கூரையையும் பிரிக்கப் பார்த்த கதையை மறக்கலாமா? 1974இல் தோன்றிய மத்திய மின்னணுவியல் நிறுவனம், 1977இல் இந்தியாவின் முதல் சூரிய மின்கலத்தை உருவாக்கிய பொதுத்துறை நிறுவனம். அதை 210 கோடி ரூபாய்க்கு ஒரு நிதிக் கம்பெனியிடம் விற்க 2021 நவம்பரில் ஒப்புதல் அளித்தனர். தொழிலாளர்கள் கிளர்ந்தனர், கேள்விகள் எழுந்தன, 2022 செப்டம்பரில் விற்பனை கைவிடப்பட்டது. ஒரு கையால் சூரியசக்தியின் புகழைப் பாடிக்கொண்டு, மறு கையால் அதன் தொட்டிலையே விலை பேசுவதா?

“உங்கள் பொதுத்துறை ஆய்வுக்கூடங்களில் கோப்புகள் தூங்கவில்லையா?” என்று அவர்கள் மடக்கலாம். தூங்கின, மறைக்கவில்லை. சாம்பல் மிகுந்த நம் நிலக்கரியை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் 6.2 மெகாவாட் சோதனை நிலையத்தைத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் அமைத்துக் காட்டியது. அது பெரிய நிலையமாக வளரவில்லை. குற்றம் யாருடையது? விதை முளைத்த பின் தண்ணீர் ஊற்ற மறுத்தவனுடையதன்றோ! ஆராய்ச்சிக்கு இந்நாடு செலவிடுவது, 2020–21 கணக்குப்படி, மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அரைவயிற்றுக் கஞ்சி ஊற்றிவிட்டு மல்யுத்தத்தில் வெற்றி எங்கே என்று கேட்பது நியாயமா?

மாறாக, நம்மூர்ச் சான்று ஒன்று உண்டு. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1953இல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. மின்கலத்தைப் பற்றி உலகமே இன்று பேசுகிறது. காற்றும் கதிரும் தரும் மின்சாரத்தைத் தேக்கிவைக்க அதுவே துணை. அந்த அறிவுக்கு அன்றே இடம் வகுத்தார்கள். நாளைக்கு என்ன இலாபம் என்று கணக்குப் பார்த்திருந்தால், அங்கே இன்றும் பொட்டல்தான் மிஞ்சியிருக்கும்.

2012இல் தென்னகம் தப்பியது. நம் தொகுப்பு அன்று வடக்கோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படாதிருந்ததே காரணம். 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியே இணைந்துவிட்டோம். இணைப்பு நல்லதே, நம் காற்றாலை மின்சாரம் மிகும்போது வெளியே செல்ல வழி வேண்டும். ஆனால், இனி எங்கோ ஒரு ரிலே மயங்கினால், இங்கே மருத்துவமனையும் மயங்கும்; பம்புசெட்டும் நிற்கும். ஆகவே இது ஆய்வாளர்களின் பிரச்னை மட்டுமன்று. ஒவ்வொரு குடும்பத்தின் பிரச்னை.

நாம் கேட்பது இவைதாம்: மின்துறை வருவாயில் ஒரு சிறு பங்கை ஆராய்ச்சிக்கென்று சட்டத்தால் ஒதுக்குக. பொதுப்பணத்தில் கண்ட அறிவைப் பொதுச்சொத்தாகவே காத்திடுக. ஆய்வுக்கூடங்களை விற்பனைப் பட்டியலில் சேர்க்காதிருக்கச் சட்டம் செய்க. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் அனுபவத்துக்கு ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்து விடுக.

தோழர்களே! இவற்றை ஊர்தோறும் எடுத்துச் சொல்லுங்கள். “எல்லாம் சந்தையில் கிடைக்கும்” என்பாரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: 60 கோடிப் பேர் இருளில் நின்ற அன்று, வெளிச்சத்தை எந்தக் கடையில் விற்றார்கள்?