காப்டன் பதவியும் கம்பெனி மாற்றமும்

நமது தேசத்தில் விமானப் போக்குவரத்து விருத்தியடைந்து வருவது மகிழ்ச்சிக்குரியதே. 2023-ஆம் வருஷத்தில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. விமானங்கள் பெருகினால் காப்டன்களின் தேவையும் பெருகும். ஆகவே, முறைக்காகக் காத்திருக்கும் துணை விமானிகள், சீக்கிரம் காப்டனாக்குவதாக அழைக்கும் வேறு கம்பெனியை நாடுவதில் ஆச்சரியமில்லை. பெருங்கடன் பட்டுப் பறக்கக் கற்றவர்களுக்கு இந்த அவா இயல்பே. அதை நாம் குறைகூறவில்லை. எனினும் லாப நஷ்டங்களைச் சீர்தூக்கிப் பார்த்தல் அவசியம்.

முதலாவது, சேவை வரிசை. உலகின் பல விமானக் கம்பெனிகளில் சேர்ந்த தேதியே ஒருவரது முறையை நிர்ணயிக்கிறது. மாறுகிறவர் பழைய வரிசையை இழந்து, புதிய இடத்தில் கடைசி ஆளாக நிற்க நேரிடும். ஏர்பஸ்ஸிலிருந்து போயிங்குக்குப் போவதாயின், அவ்விமானத்துக்குரிய பயிற்சியையும் தகுதியையும் புதிதாய்ப் பெற வேண்டும்.

இரண்டாவது, கம்பெனியின் ஆயுள். விரைந்து பதவி தருவது பெரும்பாலும் விரைந்து வளரும் கம்பெனியே. வாங்கவிருக்கும் விமானங்கள் வந்து சேராவிடில் வளர்ச்சி நிற்கும். வாக்களித்த பதவியும் நிற்கும். கிங்பிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும் பறப்பதை நிறுத்தின. அவற்றின் சிப்பந்திகள் மாதக்கணக்கில் சம்பளமின்றி வருந்தியதை நாடறியும்.

மூன்றாவது, விலகும் வழி. விலகுமுன் துணை விமானி 6 மாதமும், காப்டன் ஒரு வருஷமும் நோட்டீஸ் தரவேண்டுமென்று 2017-இல் சர்க்கார் விதித்தனர். 2023-இல் அக்காலம் முடியாமல் விலகிய விமானிகள்மீது ஆகாசா கம்பெனி பம்பாய் ஹைகோர்ட்டை நாடிற்று. அதாவது, காப்டனாகிவிட்டவருக்கு வெளியேறும் வாசல் முன்னிலும் குறுகலாகிறது. கம்பெனிகளின் நிலை என்ன? 2023 மே 2-ஆம் தேதி திவால் மனுச் செய்த கோ பர்ஸ்ட், மறுநாளே பறப்பதை நிறுத்திற்று! விமானிக்கு ஒரு வருஷம், கம்பெனிக்கு ஒரு நாள். இது என்ன நீதி?

ஆகவே, மாற விரும்பும் விமானி, ஆர்டரிலுள்ள விமானங்களை விட்டு, வந்திறங்கிய விமானங்களை எண்ணிப் பார்ப்பாராக. பதவி பற்றிய வாக்குறுதியை எழுத்தில் பெறுவாராக. இருக்குமிடத்தில் இன்னும் ஓரிரு வருஷமே காத்திருக்க வேண்டுமாயின், பொறுத்திருப்பதே விவேகம். காப்டன் பதவி தோளில் அணியும் பொற்கோடுகள் மட்டுமன்று; நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் உயிர்ப் பொறுப்பாகும்.

சர்க்காரின் கடமையும் ஒன்றுண்டு. விமானியை நோட்டீஸால் கட்டுகிறவர்கள், கம்பெனி மூழ்கினாலும் அவரது சம்பளப் பாக்கி மூழ்காதிருக்கச் சட்டம் செய்யவேண்டும். கட்டுப்பாடு இரு தரப்புக்கும் பொதுவாயிருந்தாலன்றி அதை நீதியென்று சொல்ல முடியாது.