தேங்காய்த்திட்டு அலையாத்திக் காட்டுக்கு மேல ட்ரோன் பறக்கவிடலாமா?

பாண்டிச்சேரி ட்ரிப் லிஸ்ட்டில் ராக் பீச், பிரெஞ்சு தெருக்களோடு இப்போது தேங்காய்த்திட்டு அலையாத்திக் காடும் சேர்ந்துவிட்டது. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிக் கழிமுகத்தில் பச்சைப் பசேலென்று நிற்கிற காடு. மேலேயிருந்து எடுத்தால் ரீல்ஸ் அள்ளும்தான். ஆனா, ரிமோட்டைக் கையில் எடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கோங்க.

'250 கிராம்தானே, ரூல்ஸ் கிடையாது!'

பலரும் சொல்லும் இந்தக் கதை பாதிதான் உண்மை. 2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரை 'நானோ', 2 கிலோ வரை 'மைக்ரோ'. நானோவுக்கும், வணிக நோக்கம் இல்லாத மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் பதிவு எண் வேண்டும். எங்கே பறக்கலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு.

பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி தேவையில்லை. மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடமும், சிவப்பு என்றால் மத்திய அரசிடமும் அனுமதி வாங்க வேண்டும். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 12 கி.மீ. வரை கட்டுப்பாடுகள் உண்டு. லாஸ்பேட்டை விமான நிலையம் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் தேங்காய்த்திட்டில் ட்ரோனைக் கிளப்பாதீங்க. விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வானம் ஓகே, காடு?

புதுச்சேரியின் ஊசுடு ஏரி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, உள்ளே போகவும் படம் எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். வரைபடத்தில் வானம் பச்சையாக இருந்தாலும் அது வனத்துறை அனுமதி ஆகிவிடாது.

தேங்காய்த்திட்டின் நிலைமை வேறு. ஊசுடு போல அது அறிவிக்கப்பட்ட சரணாலயம் இல்லை. அலையாத்திக் காடுகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்த விதிகளின் கவனமெல்லாம் கட்டடம், நிலத்தை மேடாக்குதல் போன்றவற்றில்தான். ட்ரோனைத் தடுக்க அங்கே கேட்டும் இல்லை, காவலரும் இல்லை. அதுக்காக எதுவும் செய்யலாம்னு அர்த்தமில்லை. சட்டத்தின் பட்டியலில் உள்ள பறவைகளின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் 'வேட்டை' என்ற விளக்கத்துக்குள் வருகிறது. அது சரணாலயத்துக்கு வெளியேயும் பொருந்தும்.

பறக்காத பறவை, பயப்படாத பறவையா?

'என் ட்ரோனைப் பார்த்து ஒரு கொக்குகூட பறக்கலையே' என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் கரடிகளுக்கு இதயத்துடிப்புக் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. பெரும்பாலும் கரடிகள் இடத்தைவிட்டு நகரவில்லை. ஆனால் ட்ரோன் மேலே வந்தபோது ஒரு கரடியின் துடிப்பு நிமிடத்துக்கு 41-லிருந்து 162-க்கு எகிறியது!

அதே ஆண்டு பிரான்ஸில் நடந்த ஆய்வில், நேர் மேலிருந்து இறங்கும் ட்ரோன்தான் பறவைகளை அதிகம் கலைத்தது. வேட்டைப் பறவை பாய்வதும் மேலிருந்துதானே! விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு கலிபோர்னியா சாட்சி. 2021 மே மாதம் போல்சா சிகா சதுப்பு நிலத்தில் ஒரு ட்ரோன் விழுந்ததும் ஆலாப் பறவைகள் கூட்டமாகக் கிளம்பிப் போயின. 1,000-க்கும் மேற்பட்ட முட்டைகள் அநாதையாகக் கிடந்தன.

இதையெல்லாம் பழக்கமாக்கிக்கோங்க

* பறவைகளிடமிருந்து 100 மீட்டருக்கு அப்பால் நின்று ட்ரோனைக் கிளப்புங்கள். அவற்றுக்கு நேர் மேலே நிறுத்தி இறக்காதீர்கள்.
* கூடு தெரிந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். காலை, மாலையில் பறவைகள் கூட்டமாக அடையும் மரங்களையும் விட்டுவிடுங்கள்.
* பருந்து துரத்தினால் ஷாட்டை மறந்துவிட்டு விலகிவிடுங்கள்.
* துறைமுகத்தில் வேலை செய்பவர்களை எடுப்பதென்றால் ஒரு வார்த்தை கேளுங்கள். வலை பிரிப்பதும் மீன் பிரிப்பதும் அவர்கள் பிழைப்பு, உங்கள் பேக்கிரவுண்ட் இல்லை.
* கூடு இருக்கும் இடத்தின் லொகேஷனை வீடியோவில் போடாதீர்கள். அடுத்த வாரமே அங்கே பத்து ட்ரோன் வந்து நிற்கும்.

ஊசுடுவில் தப்பு செய்தால் கேட்பதற்கு வனத்துறை இருக்கிறது. தேங்காய்த்திட்டில் உங்களைத் தடுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். சந்தேகமாக இருந்தால் ட்ரோன் பையிலேயே இருக்கட்டும். படகில் போய்ப் பாருங்க, அந்தக் காடு கீழே இருந்து பார்த்தாலும் அழகுதான்!